அவசரத்திலை விலத்திப் போனன், இப்ப வீடியோ சுத்துது: ஒரு ஹயர் வான் சாரதிக்குப் பதில்

கிளிநொச்சிப் பக்கம் ஹயர் வான் ஓடுற ஒரு தம்பி நீட்டா ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். பேர், வான் நம்பர், திகதி எல்லாத்தையும் எடுத்திட்டு விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்லுறன்.

வெளிநாட்டுக்குத் திரும்பிப் போற ஒரு குடும்பத்தை ஏத்திக்கொண்டு கட்டுநாயக்கா எயார்போட்டுக்கு வெளிக்கிட்டிருக்கிறார். அவை பெட்டி கட்டி முடிக்கவே நேரம் பிந்திப்போச்சு. முறிகண்டி தாண்டி கொக்காவில் பக்கம் போகேக்குள்ளை முன்னாலை வாகனங்கள் லைனா நிக்குது. டிப்பரும் மோட்டர் சைக்கிளும் அடிபட்டு, மோட்டர் சைக்கிளிலை வந்தவர் இடப்பக்கம் றோட்டிலை கிடக்கிறார், டிப்பரும் அதிலைதான் நிக்குது. சனம் சுத்தி நிக்க, கொஞ்சப் பெடியள் குழையை முறிச்சுக் கையிலை வைச்சுக்கொண்டு ஒரு பக்கத்தை மறிச்சு மற்றப் பக்க வாகனத்தை விட்டுக்கொண்டு நிண்டிருக்கினம். வானுக்குள்ளை பின்னுக்கு இருந்தவை "பிளைட் போனால் ஆர் பொறுப்பு" எண்டு ஒரே ஆக்கினை. தம்பி ஹோர்னை அமத்திக்கொண்டு லைனை விட்டு வலப்பக்கம் எடுத்து முன்னுக்குப் போயிருக்கிறார், அதைப் பாத்து இன்னும் மூண்டு நாலு வாகனம் பின்னாலை வெளிக்கிட்டிட்டுது. மறிச்சுக்கொண்டு நிண்ட ஒரு பெடியனிலை வானின்ரை சைட் கண்ணாடி முட்டி அவன் விழுந்திட்டான், கண்ணாடியும் உடைஞ்சு போச்சு. சனம் கத்திக்கொண்டு ஓடி வந்தது, இவர் நிப்பாட்டேல்லை. கொஞ்சம் தள்ளிப் போகேக்குள்ளை எதிர்ப்பக்கத்தாலை 1990 எண்ட நம்பருக்கு அடிச்சால் வாற அம்புலன்ஸ் வந்திருக்கு, அதுக்கு ஒதுங்கி இடம் விட்டிருக்கிறார். அப்பதான் தனக்குப் பின்னாலை வந்த வாகனங்கள் அந்தப் பக்கத்தை அடைச்சுக்கொண்டு நிக்குது எண்டது மண்டைக்கை ஏறியிருக்கு.

அடிபட்ட மனிசன் அண்டிரவு ஆஸ்பத்திரியிலை செத்துப்போனார். விழுந்த பெடியனுக்கு மணிக்கட்டு முறிஞ்சு பிளாஸ்டர் போட்டிருக்காம். இவர் வான் போற வீடியோ நம்பர் தெரியிற மாதிரி பேஸ்புக்கிலை சுத்துது. ரெண்டு கிழமை ஆகுது, பொலிசுக்குப் போகேல்லை, கண்ணாடியை மாத்திப்போட்டு வீட்டிலை இருக்கிறார். வான் சுவிஸிலை இருக்கிற மச்சான்ரை பேரிலை. கேக்கிற கேள்வி நாலு: நான் ஆரையும் வாகனத்தாலை ஏத்தேல்லை, கண்ணாடிதானே முட்டினது, இது ஒரு கேஸா? அந்த மனிசன் செத்ததுக்கு நான் பொறுப்பா? வீடியோ போட்டவனைப் பிடிச்சுக் கதைச்சு அழிப்பிக்கலாமா? செத்தவற்றை வீட்டை ஒருக்கா போக வேணும் போலை கிடக்கு, போகலாமா?

தம்பி, உங்கடை கடிதத்தை மட்டும் வைச்சுத்தான் நான் சொல்லுறன். பொலிஸ் புத்தகத்திலை என்ன எழுதியிருக்கெண்டு பாத்திட்டு உங்கடை சட்டத்தரணி வேறை மாதிரிச் சொன்னால் அவற்றை சொல்லைக் கேளுங்கோ.

முதல் ஒண்டைச் சொல்லிப்போடுறன். நீங்கள் கடிதம் முழுக்க அந்த மூண்டு நிமிசத்தைத்தான் திருப்பித் திருப்பி எழுதியிருக்கிறியள், ஹோர்ன் அடிச்சது, விலத்தினது, பின்னாலை வந்தவங்கள். சட்டத்தரணியா எனக்குக் கூடப் பயமா இருக்கிறது அதுக்குப் பிறகு போன ரெண்டு கிழமை. அந்த மூண்டு நிமிசத்தை இனி ஒண்டும் செய்யேலாது, ஆனால் பொலிசுக்குப் போகாமல் இருக்கிற ஒவ்வொரு நாளும் நீங்களா உங்கடை தலையிலை ஏத்திற பாரம்.

"கண்ணாடிதானே முட்டினது"

சட்டத்துக்குக் கண்ணாடி எண்டும் இல்லை பம்பர் எண்டும் இல்லை. வாகனத்தாலை ஒரு ஆளுக்குக் காயம் வந்தால் அது விபத்து. எங்கடை மோட்டார் வாகனச் சட்டம் 1951 ஆம் ஆண்டிலையிருந்து இருக்கிறது, அதின்படி விபத்திலை சம்பந்தப்பட்ட சாரதி நிப்பாட்ட வேணும், காயப்பட்ட ஆளுக்கு உதவி செய்ய வேணும், கேட்டால் பேர் விலாசம் குடுக்க வேணும், பொலிசுக்கு அறிவிக்க வேணும். நீங்கள் இதிலை ஒண்டும் செய்யேல்லை. அதாலை டிப்பர் அடிச்ச விபத்து ஒண்டு, நீங்கள் பெடியனை விழுத்தினது ரெண்டாவது விபத்து, முதலாவதிலை உங்களுக்குச் சம்பந்தமில்லை எண்டது சரி, ரெண்டாவதிலை சாரதி நீங்கள்தான். கவனயீனமா ஓடிக் காயப்படுத்தினது, நிப்பாட்டாமல் போனது, அறிவிக்காமல் விட்டது எண்டு தனித்தனியாக் குற்றச்சாட்டு வரலாம். கை முறிஞ்சிருக்கெண்டால் சட்ட வைத்திய அதிகாரி அதைப் பாத்து எழுதிற அறிக்கையைப் பொறுத்து அது சின்னக் காயமா பாரதூரமான காயமா எண்டு முடிவாகும், எலும்பு முறிவெண்டால் சின்னக் காயக் கணக்கிலை போகாது.

நிப்பாட்டியிருந்தால் சனம் அடிச்சே சாக்காட்டியிருக்கும் எண்டு எழுதியிருக்கிறியள். அந்தப் பயத்தை நான் பகிடி பண்ண மாட்டன், எங்கடை பக்கம் விபத்து நடந்த இடத்திலை சாரதிக்கு அடி விழுறது நடக்கிறதுதான். சனம் அடிக்க வந்துது, அதாலை அங்கை நிக்காமல் நேரா பொலிசுக்குப் போனன் எண்டு ஒரு சாரதி சொன்னால் கோட்டிலை அதைக் காது குடுத்துக் கேப்பினம். ஆனால் நீங்கள் மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை, வவுனியா எண்டு பொலிஸ் ஸ்டேசன் இருக்கிற ஊரெல்லாத்தையும் தாண்டித்தான் கட்டுநாயக்கா போனியள், பிறகு அதே றோட்டாலை திரும்பியும் வந்தியள். ஒரு இடத்திலையும் இறங்கேல்லை. பொலிசின்ரை 119க்கு ஒரு கோல் எடுத்திருந்தாலே கதை வேறை. அரச தரப்புச் சட்டத்தரணி கேக்கப்போற முதல் கேள்வியே இதுதான், அதுக்குப் பயம் எண்ட பதில் மாங்குளம் வரைக்கும்தான் காணும்.

அடுத்தது பிளைட். பின்னுக்கு இருந்தவை அவசரப்படுத்தினவை எண்டதை நான் நம்புறன், எயார்போட் ஹயர் ஓடுற எல்லாருக்கும் அந்தச் சத்தம் பழக்கம். ஆனால் அவை பிளைட்டைப் பிடிச்சுப் போயிட்டினம், கோட்டிலை உங்கடை பேரைக் கூப்பிடேக்குள்ளை பக்கத்திலை வந்து நிக்கப் போறேல்லை. ஸ்டேரிங் ஆற்றை கையிலை இருந்ததோ அவரைத்தான் சட்டம் கேக்கும், அவசரம் எண்டு நீங்கள் சொன்னால் அது உங்களுக்குச் சாதகமும் இல்லை, அவசரத்திலை வேணுமெண்டுதான் லைனை விட்டு வெளியாலை வந்தனீங்கள் எண்டு உங்கடை வாயாலையே ஒப்புக்கொண்ட மாதிரிப் போகும். இனிமேல் ஹயர் பேசேக்குள்ளையே எத்தினை மணிக்கு வீட்டிலையிருந்து வெளிக்கிட வேணும் எண்டதைப் போனிலை எழுதி அனுப்பி அவையின்ரை ஓம் எண்ட பதிலையும் வாங்கி வையுங்கோ, பிந்தினது ஆர் எண்டதிலை பிறகு வானுக்குள்ளை சண்டை வராது.

எனக்கொரு கோபமும் இருக்கு, அதையும் சொல்லுறன். முறிகண்டியிலை எவ்வளவு அவசரமெண்டாலும் நிப்பாட்டி, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சு, கச்சானும் வாங்கிக்கொண்டுதான் ஏறுவம், அண்டைக்கும் நீங்கள் நிப்பாட்டினதா எழுதியிருக்கிறியள். அதுக்கு நேரம் இருந்திருக்கு. இந்த றோட்டிலைதான் ஒரு காலத்திலை ஓமந்தைச் சோதனைச் சாவடியிலை சாமானெல்லாம் இறக்கிக் காட்டிப்போட்டு மணிக்கணக்கா நிண்டனாங்கள், 2006 ஆவணியிலை றோட்டையே பூட்டேக்குள்ளை அதையும் பொறுத்தனாங்கள். றோட்டுக்குக் காப்பெற் போட்டாப் பிறகு பத்து நிமிசம் நிக்கேலாமல் போச்சு. சரி, அது கிடக்கட்டும்.

அந்த மனிசன்ரை சாவு

இதுதான் உங்களை நித்திரை கொள்ள விடாமல் வைச்சிருக்கு எண்டு விளங்குது. சட்டப்படி பாத்தால், கவனயீனத்தாலை மரணத்தை உண்டாக்கினது எண்ட குற்றம் தண்டனைச் சட்டக்கோவையிலை 298 ஆம் பிரிவு, அஞ்சு வருசம் வரைக்கும் மறியல் போகலாம். அந்தக் கேள்வி முதல் விபத்தைப் பற்றினது, டிப்பர் சாரதியிலை பிழையா மோட்டர் சைக்கிளிலை பிழையா எண்டு விசாரிச்சு முடிவெடுப்பினம். அம்புலன்ஸ் பிந்தினதாலைதான் செத்தார், அது இந்த வானாலைதான் பிந்தினது எண்டு உங்களிலை அந்தக் குற்றத்தைப் போடுறதெண்டால் ரெண்டையும் சந்தேகமில்லாமல் நிரூபிக்க வேணும், நீங்கள் எழுதினதை வைச்சுப் பாத்தால் அது லேசில்லை. உங்களுக்குப் பின்னாலை வந்தவை தங்கடை புத்தியிலைதான் வந்தவை. ஆனபடியால் கொலைக்கேஸ் வரும் எண்டு மச்சான் வெருட்டினதை விடுங்கோ.

அதே நேரம், நீங்கள் இன்னொரு இடத்திலை "நான் அம்புலன்சுக்கு ஒதுங்கி விட்டனான்தானே" எண்டும் எழுதியிருக்கிறியள். அது ஒரு சமாதானம்தான் தம்பி. நீங்கள் ஓடின எங்கடை ஏ9 ஒரு பக்கத்துக்கு ஒரு லேன் றோட்டு. ஒரு லேன் விபத்தாலை அடைபட்டால் மிச்சம் இருக்கிற ஒரு லேனாலைதான் ரெண்டு பக்கமும் மாறி மாறிப் போக வேணும், அதைத்தான் அந்தப் பெடியள் குழையோடை நிண்டு செய்தவங்கள், பொலிஸ் வந்தாலும் அதைத்தான் செய்யும். நீங்கள் ஒராள் வெளியாலை வர பின்னாலை நாலு பேர் வர எதிர்ப்பக்க வாகனமும் முன்னுக்கு வர, ஆரும் பின்னுக்கு எடுக்கேலாமல் எல்லாம் முட்டி நிக்கும். அம்புலன்ஸ் எந்தப் பக்கத்தாலை வந்தாலும் அந்த முடிச்சுக்குள்ளைதான் வந்து நிக்கும். நீங்கள் ஒதுங்கினது நல்லது, ஆனால் அடைப்பு உங்களுக்குப் பின்னாலை இருந்தது. எவ்வளவு நேரம் பிந்தினது, பிந்தாட்டில் அவர் தப்பியிருப்பாரோ எண்டதை நீங்களும் நானும் ஊகிக்கேலாது. கோல் வந்த நேரம், இடத்துக்குப் போன நேரம், ஆஸ்பத்திரிக்குக் குடுத்த நேரம் எல்லாம் அம்புலன்ஸ்காரரிட்டைப் பதிவிலை இருக்கும், சாவுக்குக் காரணம் என்னெண்டு மரண விசாரணையிலை எழுதியிருப்பினம். பத்து நிமிசம் எண்டு நீங்களா ஒரு கணக்குப் போட்டு உங்களையே தண்டிக்காதேங்கோ, ஒண்டுமில்லை எண்டு துடைச்சும் விடாதேங்கோ. அந்தக் கணக்கு உங்கடை கையிலை இல்லை.

அவற்றை வீட்டை போறது பற்றி. இப்ப போக வேண்டாம். வீடியோவிலை இருக்கிற வானின்ரை சாரதி எண்டு அங்கை ஒருத்தர் அடையாளம் கண்டால் செத்த வீட்டிலை சண்டை வரும், அது ஒண்டு. மற்றது கொஞ்சம் கஷ்டமான விஷயம். செத்தவற்றை மனிசி இப்ப டிப்பர்காரனைத்தான் நினைச்சுக்கொண்டிருப்பா. நீங்கள் போய் "என்னாலை அம்புலன்ஸ் பிந்திப்போச்சுது அக்கா" எண்டு சொன்னால் உங்கடை நெஞ்சுப் பாரம் குறையும், ஆனால் அது நேரத்துக்கு வந்திருந்தால் தப்பியிருப்பாரோ எண்ட கேள்வியை அவ காலம் முழுக்கச் சுமக்க வேணும், அதுக்குப் பதில் சொல்ல உங்களாலையும் ஏலாது. உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் பொலிசும் கோட்டும். விசாரணையிலை அது வெளியாலை வந்து அவை உங்களைக் கேட்டால் அப்ப மறைக்காமல் சொல்லுங்கோ. அந்தியேட்டிக்குப் போறதெண்டாலும் வழக்கு என்ன நிலைமை எண்டு பாத்து உங்கடை சட்டத்தரணியைக் கேட்டிட்டுப் போங்கோ.

வீடியோவைத் தொடாதேங்கோ

நாலு கேள்வியிலையும் இதுதான் ஆபத்தானது, நீங்கள் இதைச் சின்ன விஷயம் மாதிரி எழுதியிருக்கிறியள். வீடியோ எடுத்தவரையோ விழுந்த பெடியனையோ நீங்களோ உங்கடை ஆக்களோ "பிடிச்சுக் கதைக்க" போனால், நீங்கள் கும்பிட்டுக் கேட்டாலும் அவை அதை வெருட்டல் எண்டு பொலிசிலை சொல்லலாம். குற்றத்தாலை பாதிக்கப்பட்ட ஆக்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கிறதுக்கெண்டே 2015 இலை ஒரு சட்டம் வந்தது, 2023 இலை அதை மாத்திப் புதுசாவும் கொண்டுவந்திருக்கினம். சாட்சியை வெருட்டுறது அதிலை தனிக் குற்றம், பிணை லேசில் கிடைக்காது. விபத்துக் கேஸிலை பிணையிலை வரக்கூடிய நீங்கள் வீடியோக் கேஸிலை உள்ளுக்கை போய் இருக்க வேண்டி வரும். பங்கிட்டு எத்தினை பேரின்ரை போனிலை கிடக்குதெண்டும் தெரியாது, அழிப்பிச்சும் பிரியோசனமில்லை. அதோடை அந்த வீடியோ உங்களுக்கு உதவவும் கூடும், எவ்வளவு ஸ்பீட்டிலை போனது, ஆர் பின்னாலை வந்தது எல்லாம் அதிலைதான் இருக்கு. உங்கடை வானிலை டாஷ் கமரா இருந்தால் அதின்ரை மெமரி காட்டையும் கழட்டிப் பத்திரமா வையுங்கோ, அழிக்காதேங்கோ.

கண்ணாடி மாத்தினதும் அப்பிடித்தான். தடயத்தை அழிச்சது எண்டு சொல்ல இடம் குடுத்திட்டியள். உடைஞ்ச கண்ணாடி கராச்சிலை இன்னும் கிடந்தால் எடுத்து வையுங்கோ, பில்லும் வேணும், பொலிசிலை நீங்களாவே "மாத்தினனான், இதுதான் பழசு" எண்டு குடுங்கோ.

மச்சான் இன்னொண்டும் சொன்னவராம், வேறை ஒருத்தர் ஓடினதாச் சொல்லுவம் எண்டு. வாகனத்தின்ரை சொந்தக்காரரிட்டை ஆர் ஓடினது எண்டு பொலிஸ் கேட்டால் அவர் உண்மையைச் சொல்ல வேணும். பொய் சொன்னால் அவரும் மாட்டுவார், ஓடினனான் எண்டு வாற ஆளும் மாட்டுவார், நீங்கள் ரெண்டு மடங்கா மாட்டுவியள். அவர் சுவிஸிலை இருந்து கொண்டு ஐடியா குடுக்கிறது லேசு.

இனிச் செய்ய வேண்டியது

ஒரு சட்டத்தரணியைப் பிடிச்சு அவரோடை பொலிசுக்குப் போங்கோ. அந்த இடம் எந்த ஸ்டேசன்ரை எல்லை எண்டு அவர் பாத்துச் சொல்லுவார். காசு இல்லையெண்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின்ரை நிலையங்கள் வடக்கிலையும் இருக்கு, வருமானத்தைப் பாத்து இலவசமா உதவுவினம். வாக்குமூலம் தமிழிலை குடுக்க உங்களுக்கு உரிமை இருக்கு. சிங்களத்திலை எழுதினால் வாசிச்சுத் தமிழிலை சொல்லச் சொல்லுங்கோ, விளங்காத ஒண்டுக்குக் கையெழுத்து வைக்காதேங்கோ, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வாங்கோ. நடந்ததைக் கூட்டியும் சொல்ல வேண்டாம் குறைச்சும் சொல்ல வேண்டாம், "அவன்தான் வந்து முட்டினவன்" எண்ட கதை வேண்டவே வேண்டாம், வீடியோ இருக்கு. பொலிஸ் அண்டைக்கே நீதவானுக்கு முன்னாலை கொண்டு போகலாம். 1997 பிணைச் சட்டத்தின்படி பிணை குடுக்கிறதுதான் பொது விதி, மறுக்கிறதுதான் விதிவிலக்கு, அதோடை நீங்களா வந்த ஆள் எண்டது அங்கை பெரிய உதவி, தேடிப் பிடிச்ச ஆள் எண்டால் அப்பிடி இல்லை. ரெண்டு பிணையாளருக்கு இப்பவே சொல்லி வையுங்கோ. லைசன்ஸைக் கொஞ்சக் காலத்துக்கு நிப்பாட்டக்கூடும், தொழிலைப் பற்றி அதுக்கேத்த மாதிரி யோசியுங்கோ.

இன்சூரன்ஸ் கம்பனிக்கும் உடனே எழுத்திலை அறிவியுங்கோ. மூண்டாம் ஆளுக்கு வாற காயத்துக்குக் காப்புறுதி இல்லாமல் வாகனம் ஓடவே ஏலாது, அந்தப் பெடியன்ரை வைத்தியச் செலவு அதிலைதான் வரும். ஆனால் காப்புறுதிப் பொலிசியை எடுத்து வாசியுங்கோ, சொந்தப் பாவனைக்கெண்டு எடுத்ததோடை ஹயர் ஓடியிருந்தால் கம்பனி கரைச்சல் குடுக்கும், அதை மச்சானுக்கும் இப்பவே சொல்லிப்போடுங்கோ. பெடியன் தனியா நஷ்டஈட்டு வழக்குப் போடுறதெண்டால் அவனுக்கு ரெண்டு வருசம் இருக்கு, இண்டைக்கு ஆரும் ஒண்டும் கேக்கேல்லை எண்டு நினைச்சு இருந்திடாதேங்கோ.

பொலிசுக்குப் போன பிறகு, முன்னம் இல்லை, சட்டத்தரணிக்குச் சொல்லிப்போட்டு அந்தப் பெடியன்ரை வீட்டை ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. மன்னிப்புக் கேளுங்கோ, மருந்துச் செலவுக்குக் காசு குடுக்கிறதெண்டால் குடுங்கோ, அதுக்கு ஒரு துண்டு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வையுங்கோ. கேஸை வாபஸ் வாங்கச் சொல்லி ஒரு சொல்லும் வாயிலை வரக்கூடாது. மணிக்கட்டு முறிஞ்சவன் கூலி வேலைக்குப் போறவன் எண்டால் ரெண்டு மாசம் வீட்டிலை உலை வைக்கிறதே கஷ்டம், அதையும் கேட்டுப் பாருங்கோ.

வானையும் ஸ்டேசனுக்குக் கொண்டு போங்கோ, மோட்டார் வாகனப் பரிசோதகருக்குக் காட்டக் கேப்பினம், எத்தினை நாள் அங்கை நிக்குமெண்டு சொல்லேலாது. ஏற்கெனவே பேசின ஹயர் இருந்தால் இண்டைக்கே வேறை ஆளிட்டை மாத்திக் குடுத்திடுங்கோ.